ஏகாம்பரத்து மாமரம் நீதிக்கதை அல்ல

விழா மலர்க் கட்டுரைகளை எழுதியவரையும் பிழை திருத்தியவரையும் தவிர வேறு யாரும் படிப்பதில்லை என்றொரு நம்பிக்கை உண்டு. அந்தத் தைரியத்தில்தான் பலரும் எழுதுகிறார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் என் கைக்கு வந்த ஒரு மலரில் நம் ஊர்த் தமிழறிஞர் ஒருவர் எழுதியிருப்பதும் அந்த ரகம். கெட்ட நேரம், நான் படித்துவிட்டேன்.

கட்டுரையின் சாரம் இது. 'புராணம்' என்ற சொல் கெட்டுப்போய்விட்டது. சுயபுராணம், மாமியார் புராணம், ஆபீஸ் புராணம் என்று ஆகிவிட்ட பிறகு கோயில் கதைகளுக்கு அந்தப் பெயர் அவமானம். கோயில் வாசல்களில் 'தல வரலாறு' என்று எழுதி வைத்திருக்கும் பலகைகளோ அதைவிடப் பெரிய பிழை. அங்கே எழுதியிருப்பது எதுவும் வரலாறு இல்லை. ஆகவே காஞ்சியின் தலபுராணங்களுக்கு இனி 'நீதிக்கதை' என்ற பெயரே சரி. ஒவ்வொரு பலகையின் அடியிலும் அந்தக் கதையின் நீதியை ஒரே வரியில் எழுதிவிட வேண்டும். ஏகாம்பரநாதர் மாமரத்துக்கு ஒற்றுமை. கச்சபேசுவரர் ஆமைக்குப் பொறுமை. குமரகோட்டத்துச் சூரனுக்கு 'ஆணவம் அழியும்'. இப்படிச் செய்தால் இளைய தலைமுறை கோயிலுக்கு வரும், பகுத்தறிவாளர் வாயும் அடங்கும் என்கிறார்.

எழுதியவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஊரில் மதிப்புள்ளவர், முறையாகத் தமிழ் படித்தவர். படிக்காதவர் எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

முதலில் சொல் கெட்டுப்போன கதையை எடுத்துக்கொள்வோம். பேச்சு வழக்கில் ஏளனப் பொருள் ஏறிவிட்டால் அந்தச் சொல்லைக் கைவிட வேண்டும் என்பது அவர் கட்சி. அப்படியானால் 'கதை' மட்டும் என்ன சுத்தமாகவா இருக்கிறது? கதை விடாதே, கதை அளக்காதே, கதை கட்டாதே என்று அன்றாடம் திட்டுகிறோமே, அதே கதைதான் நீதிக்கதையிலும் இருக்கிறது. 'நீதி' பக்கம் போனால் வாய்தா வாங்கி வாங்கிச் செருப்புத் தேய்ந்தவர்களைக் கேட்க வேண்டும். ஏளனம் படாத சொல்லாகப் பொறுக்கி எடுத்துத்தான் பேசுவது என்றால் நாம் எல்லோரும் சைகை காட்டிக்கொண்டு திரிய வேண்டியதுதான். உண்மையில் 'சுயபுராணம்' என்று கேலி செய்பவருக்குப் புராணம் என்றால் என்ன என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. முடிவில்லாமல் நீளும், சொல்பவரின் குலப்பெருமை இருக்கும், கேட்பவர் குறுக்கே பேச முடியாது. கேலியிலும் இலக்கணம் பிசகவில்லை. பிசகியது மலரில்தான்.

நீதிக்கதை என்றால் என்ன? நீதி முதலில் பிறந்து, அதைச் சுமக்கக் கதை பின்னால் வருவது. முயல் சிங்கத்தைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் அதன் நிழலையே காட்டி ஏமாற்றிய கதை எந்தக் காட்டில் நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. எந்தக் கிணறானாலும் சரி, தண்ணீர் இருந்தால் போதும். அதனால்தான் பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துப் பகலவிக்குப் போனது, எட்டாம் நூற்றாண்டில் அரபியில் 'கலீலா வ திம்னா' ஆனது, 1826இல் தாண்டவராய முதலியார் கையால் மராத்தியிலிருந்து தமிழுக்கு வந்தது. இத்தனை நாடு சுற்றியும் கதைகளுக்குச் சேதமில்லை. கரடகன் கலீலா ஆனான், தமனகன் திம்னா ஆனான். இரண்டும் நரிதான், இரண்டின் சூழ்ச்சியும் அதேதான். ஊரை மாற்று, ஆளை மாற்று, மிருகத்தையே மாற்று. நீதி சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிடும். அதுவே நீதிக்கதையின் பலம். அதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை.

இனி ஏகாம்பரத்துக்கு வருவோம். தேவி கம்பையாற்றங்கரையில் ஒற்றை மாமரத்தின் கீழ் மணலால் லிங்கம் பிடித்துத் தவம் இருக்கிறாள். ஆற்றில் வெள்ளம் வருகிறது. லிங்கம் கரைந்துவிடுமே என்று அதைத் தழுவிக்கொள்கிறாள். தழுவலில் அது குழைந்து அவள் வளைத்தழும்பை வாங்கிக்கொள்கிறது. இதை எங்கள் ஊரிலிருந்து எடுத்துக் காவிரிக் கரையில் வையுங்கள் பார்க்கலாம். திருவண்ணாமலையில் வைத்துப் பாருங்கள். அங்கே நெருப்பு, மணலுக்கு என்ன வேலை? மாமரத்தைப் புளியமரம் ஆக்கிப் பாருங்கள். கதை அங்கேயே செத்துவிடும். ஏனென்றால் அது ஒரு நீதியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகப் பிறந்த கதை இல்லை. அந்த மரத்தைப் பற்றியது, அந்த மண்ணைப் பற்றியது.

பற்றியது என்பதுகூடப் போதாது. அந்தக் கதை அந்தக் கோயிலை நடத்துகிறது. மூலவருக்கு அபிஷேகம் ஏன் ஆவுடையாரோடு நின்றுவிடுகிறது? லிங்கம் மணல், அதனால். பங்குனி உத்திரத் திருக்கல்யாணம் ஏன் இந்தக் கோயிலுக்கு இவ்வளவு பெரிய விழா, அந்த இரவில் ஏன் எத்தனையோ ஜோடிகள் இங்கே வந்து தாலி கட்டிக்கொள்கிறார்கள்? மாமரத்தடித் தவம் திருமணத்தில் முடிந்தது, அதனால். காஞ்சியின் சிவன் கோயில்களில் வழக்கமான அம்மன் சந்நிதியை ஏன் காணோம்? ஊருக்கெல்லாம் ஒரே காமாட்சி, அதனால். கருவறையில் தண்ணீர் எங்கே விழலாம் என்பதையும் எந்தச் சந்நிதியைக் கட்டக்கூடாது என்பதையும் தீர்மானிக்கிற கதைகள் இவை. முயல் கதையைக் கேட்டுவிட்டு எந்த ஊரிலாவது கிணற்றுக்குப் பூசை போட்டார்களா?

நம் அறிஞருக்கு இதெல்லாம் தெரியாது என்று நான் நம்பவில்லை. அவர் வீடு இருக்கும் தெருவிலிருந்து ராஜகோபுரம் தெரியும். தெரிந்தும் 'ஒற்றுமை' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார். ஒற்றை மாமரம், ஆகவே ஒற்றுமை! இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடிக்க அவ்வளவு படிப்பு எதற்கு?

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அவர் கவனிக்கவில்லை. ஏகாம்பரத்திலிருந்து நடை தூரத்தில் இருக்கிறது, கந்தபுராணம் அரங்கேறிய முருகன் கோயிலான குமரகோட்டம். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் சூரபதுமன் கடைசியாக எடுக்கும் வடிவம் எது? மாமரம். வேல் அதைப் பிளக்க, மயிலும் சேவலும் ஆகிறது. அறிஞரின் பட்டியல்படி ஏகாம்பரத்து மாமரம் ஒற்றுமை, குமரகோட்டத்து மாமரம் ஆணவம். மேற்கு ராஜ வீதியைத் தாண்டுவதற்குள் ஒரே மரம் தெய்வகுணத்திலிருந்து அசுரகுணத்துக்கு மாறிவிடுகிறது. அப்படியானால் நடுவில் யார் வீட்டுக் கொல்லையிலாவது நிற்கும் மாமரம் எந்தக் கட்சி?

கச்சபேசுவரர் ஆமைக்குப் பொறுமை என்று போட்டது இன்னும் மோசம், ஏனென்றால் அது உண்மையை மூடுகிறது. அந்தக் கோயிலின் கதை, திருமால் ஆமை வடிவில் வந்து சிவனைப் பூசித்தார் என்பது. இதில் பொறுமை எங்கே வந்தது? சைவம் வைணவத்தைப் பார்த்து, 'உங்கள் தெய்வம் எங்கள் தெய்வத்தை வணங்கிய இடம் இது' என்று கல்லில் பொறித்துச் சொன்ன கதை அது. சின்னக் காஞ்சிபுரத்துக்காரர்கள் சும்மா இருந்தார்களா? பிரமன் வேள்வி செய்தபோது சரசுவதி கோபித்துக்கொண்டு வேகவதி ஆறாகப் பாய்ந்து வர, பெருமாள் குறுக்கே படுத்து வெள்ளத்தைத் தடுத்தார் என்றார்கள். அவர்தான் திருவெஃகாவில் கிடக்கிறார். அங்கே ஒரு வெள்ளம், இங்கே ஒரு வெள்ளம். அங்கே படுத்துத் தடுத்தது, இங்கே தழுவிக் காத்தது. ஒரே ஊரின் இரண்டு பாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் கதையாலேயே வழக்காடிக்கொண்டிருக்கின்றன. இதற்கெல்லாம் அடியில் ஒரு வரி நீதி எழுதச் சொன்னால் 'பேரிடர் மேலாண்மை' என்றுதான் எழுத முடியும்.

திருவெஃகாப் பெருமாளுக்கு இன்னொரு கதையும் உண்டு. தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவ மன்னன் ஊரைவிட்டுத் துரத்தினான். சீடன் போனதும் திருமழிசையாழ்வார் போனார். அவர் சொன்னதும் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார். மன்னன் ஓடிப்போய்க் கெஞ்சிய பிறகே எல்லோரும் திரும்பினார்கள். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் ஓரிக்கை. திரும்பி வந்து படுத்தபோது பெருமாள் மாறிப் படுத்துக்கொண்டார். அதனால் மற்றத் தலங்களின் கிடைக்கு மாறாக இருக்கிறது இவர் கிடை. பெயரும் சொன்னவண்ணம் செய்த பெருமாள். ஓர் ஊரின் பெயர், ஒரு சிலையின் கிடை, ஒரு தெய்வத்தின் பெயர் மூன்றும் ஒரே கதையில் தொங்குகின்றன. 'அரசன் கவிஞனை மதிக்க வேண்டும்' என்று நீதி போடலாம்தான். போட்டுவிட்டு ஓரிக்கை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள், அந்த நீதிக்கும் நீங்கள் இறங்கப்போகும் நிறுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று.

அடுத்தது, காஞ்சிபுரம் என்றால் பட்டு வந்தே தீர வேண்டும் என்று அவர் வலிந்து கொண்டுவந்த உவமை. புராணம் பாவாம், நீதி ஊடையாம், இரண்டும் சேர்ந்தால்தான் சேலையாம். தறிக் குழியில் கால் வைத்த யாரும் இப்படி எழுத மாட்டார்கள். தறியிலிருந்துதான் உவமை வேண்டும் என்றால் கோர்வையிலிருந்து எடுத்திருக்கலாம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா ஓட்டி, பக்கத்தில் கையாள் ஒருவரை உட்கார வைத்து, ஒவ்வொரு இழையாகக் கோத்து நெய்கிறார்கள். சேலை நைந்தாலும் கரை தனியே வராது. தலத்துக்கும் தலபுராணத்துக்கும் உள்ள உறவு அது. சேலை முடிந்து கடைக்குப் போய், வாங்கியவர் வீட்டுக்கும் போன பிறகு தையற்கடையில் ஃபால்ஸ் வைத்துத் தைப்பார்களே, அறிஞர் பலகையடியில் எழுதச் சொல்லும் நீதி அந்த ரகம்.

நெசவு என்று வந்ததால் இதையும் கேட்டுவிடுகிறேன். இந்த ஊரில் தறி போட்டவர்களில் பெரும் பகுதியினர் செங்குந்தர். முருகனின் படைத்தலைவன் வீரபாகு முதலான நவவீரர்களின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. சூரசம்காரம் அவர்களுக்குக் குடும்ப விசேஷம். கந்தபுராணம் முழுவதும் உருவகம், சூரன் என்பது ஆணவம், வேல் என்பது ஞானம் என்று மலரில் பத்தி பத்தியாக விளக்குகிறவர், அவர்களிடம் போய் 'உங்கள் முப்பாட்டனார் ஓர் உருவகம்' என்று சொல்லிப் பார்க்கட்டும். சைவ சித்தாந்தத்தில் சூரனுக்கு ஆணவ மலம் என்று தத்துவ விளக்கம் உண்டு, மறுக்கவில்லை. அது கதைக்கு மேல் ஏற்றிய விளக்கம். விளக்கம் இருப்பதால் கதை விளக்கத்துக்காகப் பிறந்தது ஆகிவிடாது.

தமிழில் அறிவுறுத்தும் கதைகளுக்குப் பழைய பெயர் இல்லை, நீதிக்கதை என்ற வகையே பாதிரிமார் பள்ளிக்கூடங்களோடு வந்தது, ஆகவே அது எந்தச் சமயச் சார்பும் இல்லாத நவீனச் சொல் என்று ஓரிடத்தில் சொல்கிறார். இந்த வாக்கியத்தைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். தொல்காப்பியச் செய்யுளியலில் உரைநடையை வகைப்படுத்தும் இடத்தில் பொய்ம்மொழி, நகைமொழி என்று பிரித்திருக்கிறதே, அதற்குப் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் எழுதிய உரையை நம் அறிஞர் திறந்து பார்த்தாரா? யானையும் குருவியும் நட்புக் கொண்டு எங்கெங்கோ போய் என்னென்னவோ செய்த கதையைப் பொருளில்லாப் பொய்ம்மொழிக்குக் காட்டுகிறார் பேராசிரியர். பொருளோடு சேர்ந்து சிரிக்கவும் வைக்கும் வகைக்குச் சிறுகுரீஇயுரையையும் தந்திர வாக்கியத்தையும் காட்டுகிறார். மிருகக் கதையைச் சும்மா சொல்வது ஒன்று, பொருள் பொதிந்து சொல்வது வேறு என்று அவ்வளவு நாளைக்கு முன்பே தரம் பிரித்திருக்கிறார்கள். பேராசிரியருக்கும் முன்னால், சிலப்பதிகாரத்தில் கோவலன், பிள்ளையைக் காத்த கீரியை அவசரத்தில் கொன்றுவிட்ட பார்ப்பனிக்காகத் தன் பொருளைக் கொடுத்துப் பழி தீர்க்கிறான். அப்பட்டமான பஞ்சதந்திரக் கதை அது. எந்தப் பாதிரியார் வந்து சொல்லிக்கொடுத்தார்? பாதிரிமாரில் கதை எழுதியவர் என்று முதலில் நினைவுக்கு வரும் வீரமாமுனிவரோ பரமார்த்த குருவையும் அவர் சீடர்களையும் படைத்தார். அதில் நீதி தேடினால் கிடைப்பது வயிற்று வலிதான், சிரித்துச் சிரித்து.

மணிமேகலையை அவர் தொடவே இல்லை. காஞ்சியைப் பற்றி எழுதும் ஒருவர் மணிமேகலையைத் தாண்டிப் போவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் காப்பியம் வந்து முடிவதே இந்த ஊரில்தானே. பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு அமுதசுரபியோடு வந்த மணிமேகலைக்கு அறவண அடிகள் இங்கேதான் அளவை நூல் சொல்லித் தருகிறார். பக்கம், ஏது, திட்டாந்தம். ஒரு கருத்தை நிலைநாட்ட எடுத்துக்காட்டு வேண்டும், அதன் பெயர் திட்டாந்தம். பிறகு போலிகளையும் வரிசையாக அடுக்குகிறார். எடுத்துக்காட்டுப் போல இருந்து எடுத்துக்காட்டாக நில்லாதது திட்டாந்தப் போலி. திருஷ்டாந்தக் கதை என்று பிற்காலத்தில் உபந்நியாசகர்கள் சொன்னதன் வேர் இது. அறிவுறுத்தும் கதைக்கு ஒரு பெயர் என்ன, அது பொருந்தாமல் போனால் அந்தப் பிழைக்கும் பெயர் வைத்துக் கற்பித்த ஊர் இது. ஒற்றை மாமரத்தை ஒற்றுமைக்குக் காட்டுவது எந்த வகைப் போலி என்று அறவண அடிகளிடம்தான் கேட்க வேண்டும்.

அதே காப்பியத்தில் இதற்கு முன்னால், வஞ்சியில் சமயக் கணக்கர்களிடம் அவள் கேட்கும் பாடத்தில், அளவைகளின் வரிசையில் ஐதிகம் வருகிறது. அதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் பாருங்கள். 'இந்த மரத்தில் ஒரு தெய்வம் உறைகிறது' என்று உலகம் வழிவழியாகச் சொல்லிவருவதை ஏற்றுத் தெளிவது ஐதிகம். மரம்! தெய்வம்! ஏகாம்பரத்து மாமரத்துக்கென்றே எழுதிவைத்தது போல. இன்றைக்கும் கோயிலில் குருக்களிடமோ பூக்கடை அம்மாவிடமோ கேட்டால் கதையைச் சொல்லிவிட்டு 'இப்படி ஒரு ஐதீகம்' என்றுதான் முடிப்பார்கள். நீதிக்கதை என்று யாரும் முடித்து நான் கேட்டதில்லை. பூ விற்பவருக்குத் தெரிந்திருக்கும் வகைப்பாடு மலரில் எழுதுபவருக்குத் தெரியவில்லை.

அவர் பக்கத்தில் ஒரே ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். புராணக் கதைகளை அறம் சொல்லப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதற்கு மிகப் பெரிய சான்றும் இந்த ஊரோடு தொடர்புடையவர்தான்: சிவஞான முனிவர். சோமேசர் முதுமொழி வெண்பாவில் ஒவ்வொரு வெண்பாவின் பின்பாதியிலும் ஒரு குறளை வைத்து, முன்பாதியில் அந்தக் குறளுக்கு ஒரு கதையை எடுத்துக்காட்டாகக் கோத்தார். எத்தனையோ கதைகள் புராணத்திலிருந்து வந்தவை. சரி. ஆனால் அதே முனிவர் காஞ்சிப் புராணத்தின் முதற் காண்டத்தையும் பாடினார். இரண்டாம் காண்டத்தை அவர் மாணவர் கச்சியப்ப முனிவர் பாடினார். ஒரே மனிதர் இரண்டு வேலையும் செய்திருக்கிறார், இரண்டுக்கும் தனித்தனி நூல் வைத்திருக்கிறார், தனித்தனிப் பெயரும் வைத்திருக்கிறார். குறளுக்கு எடுத்துக்காட்டாக வரும்போது கதை இரண்டு அடியில் அடங்கிவிடுகிறது. தலத்தைப் பாடும்போது ஒவ்வொரு தீர்த்தத்துக்கும் லிங்கத்துக்கும் நின்று நின்று நகர்கிறது. நீதிதான் புராணத்தின் உயிர் என்றால் காஞ்சிப் புராணத்தை நூறு வெண்பாவில் முடித்திருப்பாரே, இரண்டு காண்டம் எதற்கு? சாமி விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளை பாடம் படிக்கிறது என்பதற்காகச் சாமி விளக்கைப் படிப்பு விளக்கு என்று எழுதிவைப்போமா?

சிவஞான முனிவரை அறிஞரும் ஓரிடத்தில் போற்றியிருக்கிறார், மகான் என்று. அந்த மகான் 'இலக்கண விளக்கச் சூறாவளி' எழுதியவர் என்பதையும், 'எடுத்து' என்ற ஒரே ஒரு சொல்லுக்காக 'வைரக் குப்பாயம்' என்று பெயரிட்டு ஒரு மறுப்பு நூலே எழுதியவர் என்பதையும் சொல்லவில்லை. ஒரு சொல்லைத் தப்பாகக் கையாண்டால் விடமாட்டார். மலர்க் கட்டுரை அவர் கையில் கிடைத்திருந்தால் என் எதிர்வினை தாலாட்டுப் போலத் தெரிந்திருக்கும்.

குமரகோட்டத்தில் கந்தபுராணம் அரங்கேறிய கதையையும் அறிஞர் விட்டுவைக்கவில்லை. அதற்கு அவர் போட்டிருக்கும் நீதி, 'கற்றவர் செருக்கு அடங்கும்'. கதையை நினைத்துப் பாருங்கள். கச்சியப்ப சிவாசாரியாருக்கு முருகனே முதற்சொல்லை எடுத்துக்கொடுத்தான்: திகடசக்கரம். அவையில் ஒரு புலவர் எழுந்தார். திகழ், தசக்கரம் என்ற இரண்டும் புணர்ந்து இப்படி வருவதற்கு எந்த இலக்கணத்தில் விதி என்று கேட்டார். அவர்கள் அறிந்த நூல்களில் விதி இல்லை. கச்சியப்பர் முருகன் சொன்ன சொல் என்றார். அவை ஒப்பவில்லை. அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழநாட்டிலிருந்து ஒருவர் வீரசோழியம் கொண்டுவந்து அதில் உள்ள சந்தி விதியைக் காட்டினார். அவை ஒப்புக்கொண்டது, நூல் அரங்கேறியது. அந்த மண்டபம் இன்றும் கோயிலில் இருக்கிறது. இதில் யாருடைய செருக்கு அடங்கியது? கேள்வி கேட்ட புலவரை முருகன் ஊமையாக்கினானா, கண்ணைப் பறித்தானா? ஒன்றும் செய்யவில்லை, நூற்பாவைத் தேடி அனுப்பிவைத்தான். கேட்டவர் கேட்டது முறை என்பதை அந்தக் கதையே ஒப்புக்கொள்கிறது. தெய்வம் எடுத்துக்கொடுத்த சொல்லுக்கே விதி எங்கே என்று கேட்ட ஊர் இது. விழா மலரில் வரும் சொல்லுக்குக் கேட்க மாட்டோமா?

பகுத்தறிவாளர் வாயை அடைக்கும் திட்டம் வேடிக்கையானது. இந்த ஊரில் நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த அண்ணா 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எதிர்த்து ரா.பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையேறி வாதிட்டார். அந்தப் பேச்சுகள் 'தீ பரவட்டும்' என்று அச்சிலும் வந்தன. அங்கே இரண்டு தரப்புக்கும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் சந்தேகம் இல்லை. ஒருவருக்குப் புராணம் எரிக்க வேண்டியது, மற்றவருக்குக் காக்க வேண்டியது. இருவருக்கும் அது புராணம்தான். 'ஐயா, இது வெறும் நீதிக்கதை, கோபப்படாதீர்கள்' என்று எதிர்த்தரப்பு சமாதானம் பேசவில்லை. பேசியிருந்தால் அண்ணா அதை வைத்தே இன்னும் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். நம்பாதவரின் தாக்குதலைப் புராணம் தாங்கும், இவ்வளவு காலம் தாங்கியும் இருக்கிறது. நம்புகிறவரே வெட்கப்பட்டு அதற்கு வேறு பெயர் சூட்டி ஒளித்துவைத்தால் எப்படித் தாங்கும்?

மிச்சம் இருப்பது 'தல வரலாறு'. இதில் அவர் சொல்வது பாதி சரி என்றே நானும் ஒரு காலத்தில் நினைத்திருப்பேன், பேராசிரியரைப் படிக்காமல் இருந்திருந்தால். யானை குருவிக் கதைகள் ஒருவரிடம் ஒருவர் கற்று 'வரலாற்று முறையில்' வருவன என்கிறார் அவர். வந்த வழி, வந்த முறை. அந்தச் சொல்லின் பழைய பொருள் அது. யாப்பருங்கல விருத்தியில் எடுத்துக்காட்டுச் செய்யுளைத் தரும்போது 'வரலாறு' என்றே தலைப்பிடுகிறார்கள். ஆண்டு, போர், அரசன் என்ற பொருளை அதன்மேல் ஏற்றியது நேற்றைய பள்ளிக்கூடம். கோயில் பலகையில் எழுதியவருக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் இருந்திருக்காது. மரபாக வந்த சொல்லை எழுதினார். பிழை சொல்லப்போனவர்தான் சொல்லின் வயதைப் பார்க்கவில்லை.

ஆகவே பலகைகளை அழிக்க வேண்டாம். அழிக்க ஆளும் பெயிண்டும் ஏற்பாடாகிவிட்டது என்றால், ஏகாம்பரநாதர் பலகையில் ஒற்றுமைக்கு ஒதுக்கிய அந்தக் கடைசி வரியில், லிங்கம் மணல் என்பதால் அபிஷேகம் ஆவுடையாருக்கு மட்டும் என்று எழுதட்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் குருக்களிடம் அதைத்தான் கேட்கிறார்கள்.